தண்ணி இல்லாத ஊரில் நீச்சல் பழக்குவது

"சாத்தான்குளத்துக்காரனுக்கு நீச்சல் எதுக்குலே?" என்று வகுப்பில் என்னைக் கேட்காத ஆள் கிடையாது. கேள்வியில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஊர் பெயரில் குளம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்குமா என்பது அந்தந்த வருஷத்து ஐப்பசி கார்த்திகையைப் பொறுத்த விஷயம். ஊர்ப் பெயரைச் சொன்னாலே 2020க்குப் பிறகு எல்லாருக்கும் வேறொன்றுதான் ஞாபகம் வருகிறது (அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பு வரவில்லை). அதற்கு முன்னால் தெரிந்தவர்கள் சொல்வது இரண்டே இரண்டு: பனைமரம், செம்மண் தேரி. தாமிரபரணி எங்களுக்கு வடக்கே ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று போய் புன்னைக்காயலில் கடலைச் சேர்ந்துவிடுகிறது. எங்கள் பங்குக்கு கருமேனி ஆறு இருக்கிறது. மழை பெய்தால் அது ஆறு, இல்லாவிட்டால் உடைமரக் காடு.

இப்படிப்பட்ட ஊரில்தான் நீச்சல் தெரிந்தே ஆகவேண்டும் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

வருஷம் பூரா ஆறு ஓடுகிற ஊரில் பிறந்த பையனுக்குத் தண்ணீர் பழகிவிடும். எந்தப் படித்துறையில் ஆழம், எங்கே சுழி, எந்த மாதத்தில் இறங்கக்கூடாது என்று நடக்கப் பழகும்போதே தெரிந்துவிடுகிறது. எங்களுக்கு அப்படி இல்லை. நாலு வருஷம் காய்ந்து கிடக்கும். குளத்துக்குள் கிரிக்கெட் ஆடுவோம். ஐந்தாவது வருஷம் ஒரே ராத்திரியில் மறுகால் பாயும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய் சுமார் 800 பேர் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். அந்த மழைக்குப் பிறகு சுற்றுப்பட்டுக் குளமெல்லாம் கடல் மாதிரி கிடந்தது. பார்க்க அழகு. ஆனால் அந்தத் தண்ணீரில் குதிக்க ஓடிய பையன்களில் பாதிப் பேர் அதுவரைக்கும் இடுப்பளவுக்கு மேல் தண்ணீரையே பார்த்திராதவர்கள்.

குளமும் பழைய குளம் இல்லை. வண்டல் எடுத்த குழி ஒரு இடத்தில் முழங்கால், அடுத்த எட்டில் ரெண்டாள் ஆழம். தண்ணீர் கலங்கல் என்பதால் மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். உள்ளே சீமைக்கருவேல மரம் முள்ளோடு முங்கிக் கிடக்கும். சட்டை மாட்டினால் அவ்வளவுதான். ஆற்றிலும் இதே கதைதான். 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ள மதுரை உயர் நீதிமன்றக் கிளை தடை போட்டது. தோழர் நல்லகண்ணு அந்த வழக்கில் தானே நின்று வாதாடினார். ஆற்றைக் காப்பாற்றுகிற வழக்கு என்றுதான் எல்லாரும் பேசினோம். குளிக்கிற பிள்ளைகளைக் காப்பாற்றுகிற வழக்கும்தான் அது. மணல் அள்ளிய குழியில் கால் வைத்தால் தரை தட்டாது.

தாத்தா காலத்தில் இந்தப் பிரச்சினை இல்லை. கமலை ஓடிய கிணறு இருந்தது, அப்புறம் பம்புசெட் கிணறு. தோட்டத்துக்கு ஒரு கிணறு, கிணற்றுக்குப் பத்துப் பையன்கள். ஆழ்துளைக் கிணறு வந்தது, தண்ணீர் மட்டம் கீழே போனது, பல கிணறுகள் குப்பைக் குழி ஆகிவிட்டன. கிணற்றோடு சேர்ந்து நீச்சும் போய்விட்டது. ஊரில் ஐம்பது வயதுக்கு மேல் உள்ள ஆம்பிளை ஆளைக் கேட்டால் "நீச்சா? அது தெரியாமலா?" என்பார். அவர் பேரனைக் கேட்டால் முழிப்பான்.

அந்தக் காலத்துப் பழக்குமுறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். இடுப்பில் தாம்புக்கயிறைக் கட்டி, மேலேயிருந்து ஒரே தள்ளு. என் பெரியப்பா எனக்கு அப்படித்தான் பழக்கினார். மூணாம் நாள் நான் நீந்திவிட்டேன், அதை மறுக்கவில்லை. "பாத்தியாலே, பயத்தைத் தண்ணியிலேயே கொல்லணும்" என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்லுவார். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அந்த முறையில் நீச்சல் கற்றவர்கள்தான் அந்த முறையைப் புகழ்கிறார்கள். முதல் தள்ளிலேயே தண்ணீர் குடித்து, மூக்கெல்லாம் எரிந்து, அப்புறம் ஜென்மத்துக்கும் கிணற்றுப் பக்கம் போகாதவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு ஆள் உண்டு. என் அத்தை. எட்டு வயதில் அண்ணன்மார் சேர்ந்து தள்ளிவிட்டார்களாம். நாற்பத்தாறு வயதுவரைக்கும் வாளியில் மோந்து குளிப்பதோடு சரி. அத்தை கதைக்கு அப்புறம் வருகிறேன்.

பாளையங்கோட்டையில் படிக்க வந்த பிறகுதான், தள்ளிவிடாமலும் நீச்சல் கற்றுக்கொடுக்கலாம் என்று பார்த்தேன். நீச்சல் குளத்தில் கோச் ஒருவர் சின்னப் பிள்ளைகளை முதல் இரண்டு நாள் நீந்தவே விடவில்லை. ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் வாயை வைத்து ஊதச் சொன்னார், பாயசம் கொதிக்கிற மாதிரி. "இதுக்கா காசு?" என்று பக்கத்தில் நின்ற ஒரு அப்பா முணுமுணுத்தார். பத்தாம் நாள் அந்தப் பிள்ளைகள் எல்லாம் மிதந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் 2024 மே லீவில் ஊரில் ஐந்து பேருக்குப் பழக்கலாம் என்று முடிவு செய்தேன். சித்தப்பா பையன்கள் ரெண்டு பேர், பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன், மாமா மகள்கள் ரெண்டு பேர். இடம், மாமாவின் தோட்டத்துக் கிணறு.

கிணற்றில் பழக்குவதில் உள்ள பெரிய சிக்கல், கிணற்றுக்கு ஆழம் குறைந்த பக்கம் கிடையாது. முதல் படிக்கு அடுத்தது பாதாளம்தான். நீச்சல் குளத்தில் மூணடித் தண்ணீரில் நின்றுகொண்டு கற்பதைக் கிணற்றில் எப்படிக் கற்பது? இங்கேதான் வங்கதேசத்துக்காரர்களிடம் பாடம் படித்தேன். அங்கே வீட்டுக்கு வீடு குட்டை. பிள்ளைகள் மூழ்கிச் சாவது ரொம்ப அதிகம். 2006இலிருந்து 2010 வரை ஸ்விம்சேஃப் என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். நீச்சல் குளம் கட்டவில்லை. ஊர்க் குட்டைக்குள்ளேயே மூங்கிலால் ஒரு மேடையைக் கட்டி இறக்கிவிட்டார்கள். பிள்ளை நின்றால் மேடை மேல் நிற்கும், சுற்றிலும் மூங்கில் வேலி. ஊர் ஆட்களையே பயிற்சி கொடுத்து ஆசிரியராக்கினார்கள். பாஸ் ஆவதற்கு 25 மீட்டர் நீந்த வேண்டும், 30 வினாடி ஒரே இடத்தில் மிதக்க வேண்டும், கரையில் நின்றபடியே இன்னொருவரைக் காப்பாற்றிக் காட்டவேண்டும். கற்றுக்கொண்ட பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது என்று 2012இல் ஆய்வு வெளிவந்தது. மூங்கிலும் கயிறும் வைத்துச் செய்த வேலை இது! கோடிக்கணக்கில் கட்டிவிட்டுப் பூட்டி வைத்திருக்கும் நீச்சல் குளங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த மூங்கில் மேடைதான் ஞாபகம் வரும்.

எங்களிடம் மூங்கில் இல்லை. பம்புசெட் தொட்டி இருந்தது. மோட்டார் தண்ணீர் வந்து விழுமே, அந்த சிமெண்ட் தொட்டி. எட்டடிக்கு ஆறடி, மூணடி ஆழம். முதல் எட்டு நாள் வகுப்பு அங்கேதான். கிணற்றை எட்டிப் பார்க்கக்கூட விடவில்லை.

இறங்குவதற்கு முன்னால் செய்யவேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீச்சலைவிட இதுதான் முக்கியம். தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தி, பியூஸ் கட்டையைப் பிடுங்கி என் பையில் வைத்துக்கொள்வேன். சுவிட்சை நம்பக்கூடாது. யாராவது தெரியாமல் வந்து போட்டுவிடலாம், ஈரக் கிணற்றில் வயர் கசிந்தால் நீச்சல் தெரிந்தவனும் செத்துத்தான் போவான். ரொம்ப நாள் திறக்காத பாழுங்கிணறு என்றால் பழக்குவதற்கு மட்டுமில்லை, பந்து எடுக்கக்கூட இறங்கக்கூடாது. உள்ளே காற்று இருக்காது. அப்புறம் மேலே எப்போதும் ஒரு பெரிய ஆள் நிற்க வேண்டும், போன் பார்க்காமல். மாமாதான் நின்றார். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ஒருத்தன் உள்ள இருக்கும்போது இன்னொருத்தன் கரையில இருக்கணும். அஞ்சு பேரும் சேந்து எறங்குனா நான் வீட்டுக்குப் போயிருவேன்." மாமா சொன்னதுதான் சரி. ஆழத்தில் பழகும்போது ஒருவருக்கு ஒருவர். கை எட்டுகிற தூரத்துக்கு அப்பால் பிள்ளை போகக்கூடாது. ஐந்து பேரை ஒருவன் பார்த்துக்கொள்வது என்றால் உண்மையில் யாரையும் பார்க்கவில்லை என்று அர்த்தம். வலிப்பு வருகிற பிள்ளை இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொள்ள வேண்டும். வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார்கள், நாமாகத்தான் கேட்கவேண்டும்.

சரி, தொட்டிக்கு வருவோம். முதல் நாள் பாடம் மூச்சு. மூக்கு வழியாகத் தண்ணீருக்குள் ஊது, மேலே வந்து வாய் வழியாக இழு. கையும் காலும் அடிப்பதுதான் நீச்சல் என்று எல்லாரும் நினைக்கிறோம். அப்படியில்லை, மூச்சுதான் நீச்சல். தண்ணீருக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டே இருக்கிற பிள்ளை, தலையைத் தூக்கியதும் முதலில் விடவேண்டும், பிறகு இழுக்கவேண்டும். அந்த அரை வினாடியில் ரெண்டையும் செய்யமுடியாமல் தண்ணீரைக் குடிக்கும். உள்ளேயே ஊதிவிட்டு வந்தால் மேலே இழுப்பது மட்டும்தான் பாக்கி. இது ஒன்று பிடிபட்டுவிட்டால் பாதிப் பயம் போய்விடுகிறது.

அடுத்தது மிதப்பது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலான உடம்பு தானாகவே மிதக்கும். மிதக்கவிடாமல் பண்ணுவது நாம்தான். தலை கனமானது. அதைத் தண்ணீருக்கு வெளியே தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும், பலகையின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் மறுபக்கம் இறங்குகிற மாதிரி. அதனால் மல்லாக்கப் படுத்து, காது தண்ணீருக்குள் போகிற அளவுக்குத் தலையைச் சாய்த்து, வயிற்றை மேலே தூக்கச் சொன்னேன். காதுக்குள் தண்ணீர் போனதும் எல்லாரும் கத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பையன் மட்டும் அப்படியே கண்ணை மூடிக் கிடந்தான். "என்னலே தூங்கிட்டியா?" என்றால், "அண்ணே, உள்ள சத்தமே இல்லண்ணே" என்றான். அவன்தான் முதலில் நீந்தினான்.

நான் பிடித்திருந்தது தலைக்குப் பின்னால் ஒரு கை, இடுப்புக்குக் கீழே ஒரு கை. அப்புறம் ஒரு கை. அப்புறம் ரெண்டு விரல். விடப்போகிறேன் என்றால் சொல்லிவிட்டுத்தான் விடவேண்டும். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நைசாகக் கையை எடுக்கிற பழக்கம் நம் ஊரில் சைக்கிள் பழக்குவதிலிருந்தே உண்டு. சைக்கிளில் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதான். தண்ணீரில் ஒருதரம் ஏமாற்றினால் அந்தப் பிள்ளை மறுபடி நம்பாது. நம்பாத பிள்ளையின் உடம்பு விறைக்கும். விறைத்த உடம்பு மிதக்காது.

அதற்கப்புறம் சுவரை உதைத்து அம்பு மாதிரி நழுவுவது, காலடிப்பது, கடைசியில்தான் கை. காலை முழங்காலிலிருந்து சைக்கிள் மிதிக்கிற மாதிரி அடிப்பார்கள். இடுப்பிலிருந்து அடிக்க வேண்டும். இதெல்லாம் யூடியூபில் வண்டி வண்டியாகக் கிடக்கிறது, நான் விரிக்கவில்லை.

மிதவை பற்றி ஒரு வார்த்தை. சுரைக்குடுக்கை, எண்ணெய் கேன், லாரி டியூப் இந்த மூன்றும்தான் நம் ஊர் லைஃப் ஜாக்கெட் :) கேனை முதுகில் கட்டினால் பிள்ளை குப்புற மிதக்கும், சரி. ஆனால் கேன் தூக்குகிற வேலையைச் செய்வதால் உடம்பு கற்றுக்கொள்வதில்லை. கேனைக் கழற்றிய அன்றைக்கு முதல் நாள் மாதிரியே முங்கும். டியூப் இன்னும் மோசம். நடுவில் வழுக்கிக் கீழே போய்விடலாம், அல்லது கவிழ்ந்து தலை கீழேயும் கால் மேலேயும் ஆகிவிடும். காற்றடித்துக் கையில் மாட்டுகிற பிளாஸ்டிக் பட்டைகளும் விளையாட்டுச் சாமான்தான். அவை மாட்டியிருக்கிறதே என்று அம்மா திரும்பிக்கொள்வதுதான் ஆபத்து. கேனை நான் வேறு விதமாகப் பயன்படுத்தினேன். கட்டாமல், கையால் நீட்டிப் பிடித்துக்கொண்டு காலடிக்க. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். மூடி இறுக்கி, நீளக் கயிறு கட்டிய ஒரு காலிக் கேன் கிணற்றுமேட்டில் எப்போதும் இருந்தது. அது பழக்க இல்லை, எறிய.

ஒன்பதாம் நாள் கிணறு. தண்ணீர் எட்டாம் படியில் கிடந்தது. கடைசிப் படியைப் பிடித்துக்கொண்டு இறங்குவது, விடுவது, மிதப்பது, திரும்பிப் படியைப் பிடிப்பது. இதையே அன்றைக்கு முப்பது தரம். ஏனென்றால் தெரியாமல் விழுந்த பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் நீந்துவது இல்லை, விழுந்த இடத்திலிருந்து திரும்பிப் பிடிமானத்துக்கு வருவது. அது கைவந்த பிறகுதான் குதிப்பதற்கு அனுமதி. அதுவும் காலை முன்னால் விட்டு. தலைகீழாகக் குதிப்பது தண்ணீருக்கடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத எந்த இடத்திலும் கிடையாது. கழுத்து ஒடிந்தால் ஒட்டாது.

பெரியப்பா ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, "என்னல இது, பால்வாடி மாதிரி" என்று சிரித்துவிட்டுப் போனார். அவரே அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும்.

இனி சொல்லப்போவது நீச்சல் தெரிந்தவர்களுக்கு. மூழ்குகிறவன் சினிமாவில் வருகிற மாதிரி "காப்பாத்துங்க" என்று கையை ஆட்டிக் கத்துவான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். கத்த மாட்டான். அமெரிக்காவில் உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா என்பவர் மூழ்குகிறவர்களைப் படம் பிடித்தே 1970களில் இதைக் காட்டினார். வாய் தண்ணீருக்கு மேலே வருகிற நேரம் ஒரு மூச்சுக்கே போதாது, கத்துவதற்கு எங்கே? கை பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும், ஆட்ட முடியாது. உடம்பு நட்டமாக, ஏணி ஏறுகிற மாதிரி நிற்கும். 20 முதல் 60 வினாடி. அவ்வளவுதான். பக்கத்தில் பத்துப் பேர் குளித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை போய்விடுவது இப்படித்தான். சத்தம் போட்டு விளையாடுகிற பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை, சத்தம் நின்றால்தான் திரும்பிப் பார்க்கவேண்டும்.

அடுத்தது, ஒருவனைக் காப்பாற்றப் போய் மூன்று பேர் சாகிற செய்தி. வருஷாவருஷம் படிக்கிறோம். மூழ்குகிறவனுக்கு அண்ணன் தம்பி தெரியாது, எது கையில் அகப்படுகிறதோ அதன்மேல் ஏறுவான். நீச்சல் தெரிந்தவனையும் சேர்த்து அமுக்குவான். அதனால் முதலில் கம்பை நீட்டு. கம்பு இல்லையா, வேட்டி, சேலை, துப்பட்டா. படுத்துக்கொண்டு நீட்டு, நின்றுகொண்டு நீட்டினால் இழுத்துவிடுவான். எட்டவில்லையா, கயிறு கட்டிய கேனை எறி. ஐந்து பிள்ளைகளுக்கும் இதைத் தினமும் கடைசிப் பத்து நிமிஷம் பழக்கினேன். பத்து வயதுப் பையன் தண்ணீரில் இறங்காமலேயே என்னை வேட்டியால் இழுத்துக் கரையேற்றினான். அவன் நீந்தியதைவிட எனக்கு அதுதான் பெரிசாகப் பட்டது. உலக சுகாதார நிறுவனமும் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நீச்சலை மட்டுமில்லாமல் தண்ணீர்ப் பாதுகாப்பையும் ஆபத்தில்லாமல் காப்பாற்றுவதையும் சேர்த்தே பழக்கச் சொல்கிறது.

தூக்கிப் போட்ட பிறகு செய்வதும் நம் ஊரில் தப்பாகவே நடக்கிறது. தலைமேல் வைத்துச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது. வயிற்றை அமுக்கினால் வாந்தி வந்து அது நுரையீரலுக்குள் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நாடியைத் தூக்கி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து இரண்டு மூச்சு ஊதவேண்டும். அப்புறம் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கு, மறுபடி இரண்டு மூச்சு. இதை 108 வருகிறவரைக்கும் நிறுத்தாமல். மாரடைப்புக்கு நெஞ்சை அமுக்கினால் மட்டும் போதும் என்று சொல்லிக்கொடுக்கிறார்களே, மூழ்கியவனுக்கு அது போதாது. அவன் காற்று இல்லாமல்தான் விழுந்து கிடக்கிறான், காற்றைக் கொடுக்க வேண்டும். கண் விழித்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட வேண்டும்.

முங்கு போட்டி நான் அடியோடு தடை செய்த விளையாட்டு. "யார் ரொம்ப நேரம் உள்ள இருக்கா" என்று. அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, முங்குவதற்கு முன்னால் வேகவேகமாகப் பத்து இருபது மூச்சு இழுத்து விடுவது. அப்படிச் செய்தால் கூடுதல் நேரம் உள்ளே இருக்கமுடியும் என்பது வாஸ்தவம். ஏன் என்று தெரிந்தால் செய்ய மாட்டீர்கள். "மேலே போ, மூச்சு விடு" என்று மூளை தவிப்பது பெரும்பாலும் ரத்தத்தில் கரியமில வாயு கூடுவதால்தான், ஆக்சிஜன் குறைவதால் இல்லை. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியே போய்விடும், அபாயமணி அடிக்காது. ஆக்சிஜன் தீர்ந்து, தவிப்பே இல்லாமல் மயக்கம் வந்து, உள்ளேயே மூச்சை இழுத்துவிடுவான். மேலே நிற்கிறவன் "சூப்பர்லே" என்று எண்ணிக்கொண்டிருப்பான். இதில் போகிறவர்கள் எல்லாம் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான்.

"நீச்சு தெரிஞ்சவனத்தான் தண்ணி கொண்டு போவும்" என்று ஆச்சி சொல்வதில் அதனால் கொஞ்சம் உண்மை உண்டு. கிணற்று நீச்சலை நம்பித் திருச்செந்தூர் கடலில் இறங்குகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயம். கடல் வேறு. உள்ளே இழுக்கிற ஓட்டத்தில் மாட்டினால் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு வெளியே வரவேண்டும். மணப்பாட்டுப் பையன்களுக்கு இது ரத்தத்தில் இருக்கிறது, நமக்கு இல்லை. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தனுக்கே ரத்தத்தில் இருந்தது. 1971இல் பாக் நீரிணையைப் போகவும் வரவும் நீந்திக் கடந்தவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும்போது இறந்துபோனார். அவ்வளவு பெரிய ஆள். பத்து வருஷம் கழித்து அதே கால்வாயை நம் குற்றாலீஸ்வரன் 12 வயதில் நீந்திக் கடந்தார். சாதனை செய்கிறவர்கள்கூடப் பக்கத்தில் படகு இல்லாமல் இறங்குவதில்லை என்பதைக் கவனியுங்கள்.

நிற்க. அத்தை கதைக்கு வருகிறேன்.

மாமா மகள்கள் ரெண்டு பேரையும் சேர்த்துக்கொண்டதற்கு வீட்டில் பெரிய சண்டை. "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு நீச்சு, யாராவது பாத்தா என்ன நெனப்பாவ" என்று. அந்தத் தெருவில் நினைக்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சுனாமியை எடுத்துச் சொன்னேன். 2004இல் பல கடலோர ஊர்களில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் செத்தார்கள். அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் நீச்சல் தெரியாதது ஒன்று, சேலை ஒன்று. இலங்கையில் சுனாமிக்குப் பிறகு பெண்களுக்கென்றே நீச்சல் வகுப்பு நடத்துகிறார்கள், தெற்கே வெலிகம பக்கம். பெண்களே பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இதெல்லாம் எடுபடவில்லை. எடுபட்டது, மாமா சொன்ன ஒரே வாக்கியம்: "போன மழைக்கு வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சே, அப்ப யாரு நெனச்சாவ?" தோட்டத்தைச் சுற்றிச் சேலையைக் கட்டி மறைத்தோம். சுடிதார், துப்பட்டா கிடையாது, தலைமுடி கொண்டை. காலை ஆறு மணிக்கு அவர்கள் வகுப்பு.

துணைக்கு உட்கார வந்தவர்தான் அத்தை. நாலு நாள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்தாம் நாள் காலை மட்டும் தொட்டிக்குள் விட்டார். ஏழாம் நாள், "எய்யா, அந்த வாயில ஊதுறத மட்டும் எனக்குச் சொல்லித்தாயேன்" என்றார்.

பெரியவர்களுக்குப் பழக்குவது வேறு கலை. பிள்ளைக்குத் தண்ணீர் புதுசு, அத்தைக்குத் தண்ணீர் பழைய பகை. முகத்தை நனைக்கவே மூன்று நாள் ஆனது. நான் தொடவே இல்லை, மூத்த மாமா மகள்தான் தலையைப் பிடித்தாள். "தலையைப் பின்னால சாச்சுக்கோங்க அத்தை, கூரையைப் பாருங்க" என்று மேலேயிருந்து சொல்வது மட்டும் என் வேலை. விறைத்துப்போய் முங்கி முங்கி எழுந்தார். ஒவ்வொரு தரமும் எழுந்ததும் தன் அண்ணன்மாரை ஒரு திட்டு. பெரியப்பா கிணற்றுமேட்டில் உட்கார்ந்து அவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் மெதுவாக, "அன்னைக்கு நாங்க வெளயாட்டுக்குத்தான்ம்மா..." என்று ஆரம்பித்தார். அத்தை பதில் சொல்லவில்லை. காது ரெண்டும் தண்ணீருக்குள் இருந்தது. மிதந்துகொண்டிருந்தார்.

மே கடைசியில் பிள்ளைகள் ஐந்து பேரும் கிணற்றின் குறுக்கே போய் வந்தார்கள். அத்தை கிணற்றில் இறங்கவில்லை, தொட்டியோடு சரி. இந்த வருஷம் இறங்குவேன் என்கிறார். ஏழு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் நாலு பேர் பெண்கள், காலை வகுப்பை மூத்த மாமா மகளே எடுக்கப்போகிறாள். தண்ணீர் இப்போது பதினோராம் படியில் கிடக்கிறது. பழைய கயிறு நைந்துவிட்டதால் புதுசாக அறுபதடி வாங்கி வைத்திருக்கிறேன், பாதியைப் பெரியப்பா கொடுத்தார்.